உன் பிள்ளையின் சட்டை அளவு உனக்குத் தெரியுமா?

தியானத்திற்கு: 1 சாமுவேல் 2:11-26, உபாகமம் 6:6,7, லூக்கா 2:52

 

இந்த மாதச் செய்தியை ஒரு துணிக்கடையில் இருந்து ஆரம்பிக்கிறேன். போன டிசம்பரில் நாமக்கல் கடைவீதியில் ஒரு ரெடிமேட் கடைக்குப் போயிருந்தேன். நமக்குத் தெரிந்த ஒரு சகோதரியும் ஹாஸ்டலில் இருக்கும் மகனுக்குக் கிறிஸ்துமஸ் துணி எடுக்க வந்திருந்தார்கள். கடைக்காரத் தம்பி கேட்டான்: "பையனுக்கு என்ன சைஸுங்க?"

"ஒம்பதாவது படிக்கிறானுங்க."

"வகுப்பு சரிங்கக்கா. சைஸ் சொல்லுங்க."

அந்தச் சகோதரி கையைத் தன் காது உயரத்துக்கு வைத்தார்கள். அப்புறம் யோசித்துக் கொஞ்சம் மேலே தூக்கினார்கள். மறுபடியும் இறக்கினார்கள். "காலாண்டு லீவுக்கு ரெண்டு நாள்தானுங்க வந்தான். நல்லா பாக்கலீங்க" என்று சொல்லும்போது குரல் கம்மிப்போய்விட்டது. என்னைப் பார்த்ததும் சமாளித்துக்கொண்டு, "பாஸ்டரய்யா, கணக்குல 94 வாங்கியிருக்கானுங்க, சயின்ஸ்ல 89" என்றார்கள். கடைசியில் இரண்டு அளவிலும் ஒவ்வொரு சட்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்தச் சகோதரியைக் குற்றப்படுத்த இதை நான் எழுதவில்லை. அவர்கள் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால், அன்று ராத்திரி படுத்தபோது ஆவியானவர் என்னைத்தான் குத்தினார். "உன் மகனுடைய செருப்பு என்ன அளவு?" யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. அவன் ஹாஸ்டலில் இல்லை பிரியமானவர்களே! என் வீட்டில், அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

வேதத்தில் பிள்ளையை ஹாஸ்டலில் விட்ட ஒரு தாய் இருக்கிறாள். சிரிக்க வேண்டாம், நன்றாக யோசித்துப் பாருங்கள். வருஷக்கணக்காய்க் கண்ணீர் விட்டுப் பெற்ற ஒரே மகனை, பால் மறந்ததும் சீலோவில் கொண்டுபோய் விட்டுவிட்டு ராமாவுக்குத் திரும்பி வந்தாள் அன்னாள். வருஷத்துக்கு ஒரு தடவைதான் பார்க்க முடியும். போனும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் போகும்போது அவள் கையில் ஒரு சின்ன மேலங்கி இருந்தது, அவளே தைத்தது (1 சாமு. 2:19). இந்த வசனத்தை எத்தனையோ தடவை வாசித்துவிட்டு வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். துணிக்கடைக்குப் போய்வந்த பிறகுதான் நின்றேன். கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு அவள் எப்படி அளவெடுத்தாள்? போன வருஷம் கொடுத்த சட்டை ஞாபகம் இருந்திருக்கும். இந்த வருஷம் தோள் எவ்வளவு அகன்றிருக்கும், கை எவ்வளவு நீண்டிருக்கும் என்று நாள்தோறும் மனசுக்குள்ளே அளந்திருப்பாள். ஊசியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளை அவள் மடியில் இருந்திருப்பான். அதுதான் ஜெபம்! முழங்காலில் நிற்பது மாத்திரம் ஜெபம் அல்ல.

இப்போது அதே சீலோவில் இன்னொரு தகப்பனைப் பாருங்கள். ஏலி ஆசாரியன். அவன் பிள்ளைகள் ஹாஸ்டலில் இல்லை. ஓப்னியும் பினெகாசும் அப்பாவோடேதான் இருந்தார்கள், அப்பா செய்த ஊழியத்தையே செய்தார்கள். ஆனால் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது ஏலிக்கு எப்படித் தெரியவந்தது? 2-ம் அதிகாரம் 22 முதல் 24 வரை எடுத்து வாசியுங்கள். ஊரார் வந்து சொல்லித்தான் தெரிந்தது! ஒரே வாசலில் போய் வருகிற பிள்ளைகளைப் பற்றித் தகப்பன் மற்றவர்கள் சொல்லிக் கேள்விப்படுகிறான். நாற்பது வருஷம் இஸ்ரவேலை நியாயம் விசாரித்தவனுக்குத் தன் வீட்டை விசாரிக்க நேரம் இல்லாமல் போயிற்று. தூரத்தில் இருந்த தாய் பிள்ளையை அறிந்திருந்தாள். பக்கத்தில் இருந்த தகப்பன் அறியவில்லை.

நம்முடைய ஜில்லாவுக்கு இது ரொம்ப அவசியமான செய்தி. 1997-ல் சேலத்தில் இருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. அதற்குப் பிறகு வெளியூரில் நம்மைப் பற்றி மூன்று காரியம் சொல்வார்கள்: லாரி, முட்டை, பள்ளிக்கூடம். தென்மாவட்டங்களில் இருந்தெல்லாம் பெட்டி படுக்கையோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து நம்ம ஊர் ஹாஸ்டல்களில் விட்டார்கள். பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் மாநில ரேங்க் வந்தால் ஊரெல்லாம் பிளெக்ஸ் பேனர். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே அரைத்து ஊட்டுகிற வழக்கமும் பல இடங்களில் இருந்தது. 2017-ல் அரசாங்கமே ரேங்க் அறிவிப்பதை நிறுத்தி, பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று சொல்லவேண்டி வந்தது. ஆனாலும் நம் மனசில் ஒட்டியிருக்கிற பேனரை எந்த அரசாங்கம் கழற்றும்?

பத்திரிகைக்காரர்கள் இதற்கு 'பிராய்லர் பள்ளி' என்று பேர் வைத்தார்கள். பிராய்லர் பல்லடம் பக்கம்தான் அதிகம், நம்மது முட்டைக்கோழி ஊர். ஆனால் அவர்கள் சொன்ன அர்த்தம் எனக்கு நன்றாகவே விளங்கிற்று. நம் சபையில் பண்ணையில் வேலை செய்கிற சகோதரர்கள் அநேகர் உண்டு. உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருட்டினதும் ஷெட்டில் லைட் போடுகிறோம், பகல் வெளிச்சத்தோடு சேர்த்து 16 மணி நேரம் வருகிற மாதிரி. எதற்கு? கோழிக்கு உலகத்தைப் பார்க்க ஆசை என்றா? முட்டை குறையக்கூடாது என்று! தீவனம் நேரத்துக்கு, தண்ணீர் நேரத்துக்கு, ஊசி நேரத்துக்கு. ஒரு குறையும் இல்லை. முட்டை குறைந்தால் கழித்து வண்டியில் ஏற்றிவிடுகிறோம். கோழிக்கு அது சரி. காலையில் நாலரைக்கு எழுப்பி ராத்திரி பதினோரு மணிக்குப் படுக்கவிட்டு, மார்க் குறைந்தால் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது தேவசாயலில் உண்டாக்கப்பட்ட பிள்ளைக்குச் சரியா?

நம்முடைய ஆண்டவர் எப்படி வளர்ந்தார் என்று லூக்கா ஒரே வசனத்தில் எழுதிவைத்திருக்கிறார். அறிவில் வளர்ந்தார், உடம்பில் வளர்ந்தார், பிதாவுக்குப் பிரியமாய் வளர்ந்தார், ஜனங்களுக்குப் பிரியமாய் வளர்ந்தார். நாலு பக்கமும் வளர்ச்சி! இதில் படிப்பு நாலில் ஒன்று. நாம் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிட்டோம். 'இல்லை பாஸ்டர், நாங்கள் ஓய்வுநாள் பள்ளிக்கும் அனுப்புகிறோமே' என்பீர்கள். சரி, இரண்டு என்று வைத்துக்கொள்வோம். மனுஷரோடு பழகத் தெரியாத பிள்ளை, வியர்வை சிந்தி ஒரு வேலை செய்யத் தெரியாத பிள்ளை, ஒரு கால் இல்லாத நாற்காலி மாதிரி. உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

இதற்கு சாட்சியாக அமெரிக்காவில் இருந்து ஒருவரைக் கொண்டுவர வேண்டாம். நம் வீட்டு மாடியில் நின்றால் தெரிகிற கொல்லிமலையிலேயே தேவன் ஒரு குடும்பத்தை வைத்திருந்தார்.

ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஊழியர் 1907-ல் இங்கிலாந்தில் இருந்து வந்தார். ஈவ்லின் என்ற சகோதரி லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர், சித்திரம் தீட்டத் தெரிந்தவர். 1913-ல் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் திருமணம் ஆனது. உடனே மலை ஏறிவிட்டார்கள். இன்றைக்குக் காரவள்ளியில் இருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு சுற்றி வண்டியில் போகிறோம், அதற்கே தலை சுற்றுகிறது என்கிறோம். அன்றைக்கு ரோடு ஏது? காட்டுப் பாதை, மலேரியா, மழை. அங்கே வைத்தியம் பார்த்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள், சுவிசேஷம் சொன்னார்கள். அவர்கள் பாப்டிஸ்டு மிஷனைச் சேர்ந்தவர்கள், நம்முடைய உபதேசத்தார் அல்ல. அதனால் என்ன? அவர்கள் மூலம் ஆண்டவர் நமக்குப் பேசமாட்டாரா?

1914-ல் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். பால் என்று பேர். அடுத்து ஒரு மகள், கான்னி. பாலுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. நாலு சுவருக்குள் உட்காரமாட்டான், எப்போது பார்த்தாலும் மரத்தின்மேல். அம்மா என்ன செய்தார்கள் தெரியுமா? மரத்தின்மேலேயே உட்கார்ந்து பாடம் படிக்க விட்டார்கள்! முடித்ததும் தாளைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவான். அம்மா திருத்துவார்கள். நம் வீடாக இருந்தால் மரத்தை வெட்டியிருப்போம்.

அப்பா அவனைக் காட்டுக்குள் அழைத்துப்போய்க் கறையான் புற்றைக் காட்டுவார், பூச்சியைக் காட்டுவார், தேவன் இதை எப்படி உண்டாக்கியிருக்கிறார் பார் என்பார். உபாகமம் 6:7-ல் மோசே சொன்னது இதுதானே? வீட்டில் இருக்கும்போதும், நடந்து போகும்போதும், படுக்கிற நேரத்திலும், எழுந்திருக்கிற நேரத்திலும் பிள்ளையோடு பேசு என்கிறார். மோசே ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணி என்று நேரம் குறிக்கவில்லை.

ஒரு நாள் தொழுநோய் கண்ட சிலர் மலை ஏறி வந்தார்கள். அந்தக் காலத்தில் அந்த நோய்க்குச் சரியான மருந்து கிடையாது, பயம்தான் உண்டு. பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பையன் எட்ட நின்று பார்த்தான். அப்பா கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினார். அதைப் பற்றி அப்பா பெரிய பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. பையன் பார்த்தான், அவ்வளவுதான்.

இன்னொரு காரியத்தையும் பால் பிராண்ட் பெரியவரான பிறகு எழுதியிருக்கிறார். மலையில் படிப்படியாக இருக்கும் நெல் வயலில் பையன்களோடு சேர்ந்து தவளை பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார். சேறு கலங்கித் தண்ணீர் கீழ் வயலுக்கு ஓடிற்று. அந்த வழியாக வந்த ஒரு தாத்தா பையன்களை நிறுத்தினார். அடிக்கவில்லை. ஒரு கை சேற்றை அள்ளி, இது என்ன என்று கேட்டார். இந்த மண்ணில்தான் உங்களுக்குச் சோறு விளைகிறது, ஓடிப்போன மண் திரும்பி மலை ஏறி வராது என்று விளங்கச் சொல்லிவிட்டுப் போனார். எழுபது வயசான பிறகும் அந்த டாக்டருக்கு அந்தத் தாத்தாவின் கை ஞாபகம் இருந்தது. இப்போது நம் சபையில் ஒரு பெரியவர் அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லட்டும் பார்ப்போம். "எங்க பையனைக் கேக்க நீங்க யாருங்க?" என்று அந்த வாரமே சண்டை, அடுத்த வாரம் வேறே சபை! தாய் தகப்பன் மட்டும் பிள்ளையை வளர்க்க முடியாது, தேவஜனமே. தாத்தாக்களுக்கு வாய் திறக்க அனுமதி கொடுங்கள்.

இனிமேல் சொல்லப்போவதைக் கவனமாய்க் கேளுங்கள். 1923-ல் பாலுக்கு ஒன்பது வயசு. படிப்புக்காகப் பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், அம்மாவின் சகோதரிகள் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பிவிட்டார்கள். ஆமாம், பிராண்ட் குடும்பமும் பிள்ளைகளைப் பிரிந்துதான் இருந்தது! அது சரியா தப்பா என்று நான் தீர்ப்பு சொல்லமாட்டேன். அந்தத் தாய்க்கு உள்ளுக்குள் ஏதோ செத்துப்போனது போல இருந்ததாம். ஊழியத்துக்காகத்தானே என்று சொல்லி அந்த வலியை மூடி மறைக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்று: அப்பா கடிதம் எழுதினார். கொல்லிமலையில் இருந்து லண்டனுக்குக் கப்பலில் கடிதம் போய்ச்சேர வாரக்கணக்கு ஆகும். மார்க் கேட்டு எழுதினாரா? மலையில் பார்த்த மரத்தைப் பற்றி எழுதினார், பறவையைப் பற்றி எழுதினார். கண்ணைத் திறந்து பார், பார்த்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொல் என்று சொல்லிக்கொடுத்தார்.

1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி பிராண்ட் மலேரியா முற்றிய கடுங்காய்ச்சலில் மலையிலேயே மரித்தார். லண்டனுக்குத் தந்தி போயிற்று. தந்தி ஒரே நாளில் போய்விடும்; கடிதம் கப்பலில் அல்லவா வருகிறது? அப்பா செத்துப்போனார் என்று தெரிந்த பிறகும், அவர் உயிரோடு இருக்கும்போது எழுதின கடிதம் மகன் கைக்கு வந்தது! பதினைந்து வயசுகூட நிரம்பாத பிள்ளை. ஆறு வருஷமாய் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அப்பா எப்படிப்பட்டவர் என்று அவனுக்குத் தெரியும். தகப்பன்மாரே, இன்றைக்கு நமக்கு அப்படி ஒன்று நடந்தால், நம் பிள்ளையின் கையில் நம்முடையது என்ன இருக்கும்? 'ஃபீஸ் கட்டியாச்சு' என்ற வாட்ஸ்ஆப் செய்தியா?

பால் பதினாறு வயசில் படிப்பை நிறுத்திவிட்டு, அப்பாவைப் போலவே கட்டட வேலை கற்கப் போனார். தச்சு, கொத்து வேலை எல்லாம் ஐந்து வருஷம். நம் ஊரில் இதைக் கேட்டால் 'பையன் வீணாய்ப் போய்விட்டான்' என்று உபவாச ஜெபம் வைப்போம். அப்புறம்தான் மருத்துவம் படித்தார். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசையின் நாணை எடுத்து மாற்றிவைத்து நிமிர்த்துகிற அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிவைத்தார். விரல் நிமிர்ந்தால் போதுமா, பிழைக்க வேண்டாமா என்று அந்த நோயாளிகளுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கட்டட வேலைக்குப் போன ஐந்து வருஷமும் வீணாய்ப் போகவில்லை! அப்பா கையுறை மாட்டித் தொட்டவர்களை, மகன் வெறுங்கையால் பிடித்துக்கொண்டு பேசினார்.

அவர் கண்டுபிடித்த ஒரு விஷயம் பெற்றோருக்கு முக்கியம். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதாகத்தான் உலகம் நினைத்திருந்தது. இவர் கூடவே இருந்து கவனித்துப் பார்த்தார். நரம்பு செத்து வலி தெரியாமல் போவதுதான் பெரிய காரணம். சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. காயத்தின்மேல் காயம் பட்டுத்தான் விரல் போகிறது. வலி தேவன் கொடுத்த ஈவு என்று வாழ்நாள் எல்லாம் சொன்னார். இதைப் படித்தபோது எனக்குச் சில வீடுகள் ஞாபகம் வந்தன. பிள்ளை தோற்கக்கூடாது, பசிக்கக்கூடாது, வெயிலில் நடக்கக்கூடாது, 'இல்லை' என்ற வார்த்தையைக் கேட்கவே கூடாது. கேட்பதற்கு முன்னாலே வண்டி, கேட்பதற்கு முன்னாலே போன். அன்பு என்று நினைத்து நரம்பைச் சாகடிக்கிறோம். வேறே சில வீடுகளில் நேர் எதிர். வலி மட்டும்தான். 'பிரம்பு' வசனம் தெரியாத தகப்பன் நம் சபையில் இல்லை. கொலோசெயர் 3:21-ம் வேதத்தில்தான் இருக்கிறது ஐயா! பிள்ளையின் மனசு உடைந்துபோகும்படி அவனைக் கிளறிவிடாதே என்று பவுல் தகப்பன்மாருக்குத்தான் எழுதினார், தாய்மாருக்கு அல்ல.

'நாங்கள் என்ன செய்ய, பிழைப்பு அப்படி' என்கிறீர்கள். தெரியும். ரிக் வண்டியில் போனால் மாசக்கணக்கு. நேஷனல் பெர்மிட் வண்டி ஏறினால் இருபது நாள். தறி ஓட்டுகிற வீட்டில் ராத்திரி பகல் தெரியாது. நம் சபையில் லாரி ஓட்டுகிற ஒரு சகோதரன் உண்டு. அவர் தினமும் ராத்திரி வண்டியை ஓரம் கட்டிவிட்டு மகளுக்குப் போன் போடுவாராம். முதல் கேள்வி, "படிச்சியா?" அல்ல. "இன்னிக்கு என்ன கண்ணு பார்த்த?" அவள் சொன்ன பிறகு இவர் சொல்லுவார். நாக்பூரில் ஆரஞ்சு குவித்துவைத்திருந்ததை, ராஜஸ்தானில் ஒட்டகம் ரோட்டைக் கடந்ததை, எங்கோ ஒரு தாபாவில் பாஷை தெரியாத ஒருவர் தனக்கு ரொட்டி கொடுத்ததை. கடைசியில் இரண்டு பேரும் போனிலேயே ஜெபம் செய்துவிட்டு வைப்பார்கள். ஏழு நிமிஷம். அந்தச் சகோதரனுக்கு ஜெஸ்ஸி பிராண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் சொன்னபோது, "அப்படீங்களா, வெள்ளைக்காரரும் அப்படித்தானுங்களா" என்று சந்தோஷப்பட்டார்.

என் கதையையும் மறைக்கமாட்டேன். கன்வென்ஷன், முழு இரவு ஜெபம், வெளியூர்க் கூட்டம் என்று ஓடின வருஷங்கள் உண்டு. சாமுவேலும் பெத்தேல், கில்கால், மிஸ்பா என்று வருஷந்தோறும் சுற்றினவர்தான் (1 சாமு. 7:16). அடுத்த அதிகாரத்தில் அவர் பிள்ளைகள் லஞ்சம் வாங்குகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று வேதம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு அதிகாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது எனக்குப் பயத்தை உண்டாக்குகிறது. ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் ஐம்பது நிமிஷம் பேசிவிட்டு, "என்ன தம்பி, புரிஞ்சுதா?" என்று மகனைக் கேட்டேன். "அப்பா, நீங்க மைக் இல்லாம எங்கிட்ட பேசி ரொம்ப நாளாச்சு" என்றான். அம்மா திட்டினாள். நான் திட்டவில்லை. எனக்கு வார்த்தை வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் பதினைந்து நிமிஷம்தான். பிள்ளைகள் கேள்வி கேட்கலாம். பதில் தெரியாவிட்டால், 'தெரியாது, தேடிப் பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். ஊழியக்காரனுக்கு அது கொஞ்சம் கஷ்டம்! சனிக்கிழமை சாயங்காலம் மகனோடு சைக்கிளில் ஏரிக்கரைவரை போகிறேன். முதல் மூன்று வாரம் அவன் வாயே திறக்கவில்லை. நான்காம் வாரம் தன் வகுப்பில் ஒரு பையனைப் பற்றிச் சொன்னான். அந்தப் பையனுக்காக இருவரும் கரையில் நின்று ஜெபித்தோம். மகளும் மகனும் முறைவைத்துப் பாத்திரம் கழுவுகிறார்கள். 'பையன் பாத்திரம் கழுவலாமா' என்று என் மாமியார் கேட்டார்கள். நம் சேலம் மண்ணில் பெண் குழந்தைகளைக் காப்பாற்ற அரசாங்கம் 1992-ல் தொட்டில் வைக்கவேண்டி வந்தது, அத்தை. அந்தப் பாவத்தின் வேர் இந்தப் பாத்திரம் கழுவுகிற இடத்தில்தான் இருக்கிறது என்றேன். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் இப்போது பேரனுக்கு அவர்களே சாம்பல் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

ஈவ்லின் அம்மாளைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்கக்கூடாது. புருஷன் மரித்த பிறகும் அவர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். மிஷன் ஓய்வு கொடுத்தபோது அவர்களுக்கு வயசாகிவிட்டிருந்தது. தானாகவே மறுபடியும் கொல்லிமலை ஏறி, அதற்குப் பிறகு பக்கத்து மலைகளுக்கும் போய், விழுந்து எழுந்து, இரண்டு மூங்கில் கோலை ஊன்றி நடந்து, 1974 டிசம்பரில் தொண்ணூற்றைந்தாம் வயசில் தேவனிடத்தில் சேர்ந்தார்கள். புருஷனுடைய கல்லறைக்குப் பக்கத்திலேயே, வாழவந்தி நாட்டில் அடக்கம் செய்தார்கள். அவர்கள் மகன் மருத்துவத்தில் பெரிய பேர் எடுத்தவர்; அவர் 2003-ல் மரித்தார். அந்தத் தாய் தன் மகனுடைய மார்க்கை யாரிடமும் சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை.

துணிக்கடைச் சகோதரியின் மகன் கிறிஸ்துமஸுக்கு வந்தான். இரண்டு சட்டையும் பத்தவில்லை! வந்த அன்றைக்கே தாயும் மகனும் கடைக்குப் போய், அவனையே நிறுத்திவைத்து மாற்றி வாங்கினார்களாம். வழியில் இருவரும் கரும்புச் சாறு குடித்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசினார்களாம். ஹாஸ்டலில் ராத்திரியில் தனக்குப் பயமாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் சொன்னானாம்.

வருகிற மாதம் முதல் வெள்ளி உபவாச ஜெபத்தில், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்காகவும், வீட்டில் இருந்து படிக்கிற பிள்ளைகளுக்காகவும் பேர் பேராகச் சொல்லி ஜெபிக்கப்போகிறோம். பெற்றோர் ஜெபக் குறிப்பை எழுதிக் கொண்டுவாருங்கள். 'மகன் நன்றாய்ப் படிக்க', 'மகளுக்கு டாக்டர் சீட் கிடைக்க' என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் பிள்ளை எதற்குப் பயப்படுகிறது, யாரோடு விளையாடுகிறது, எதைப் பார்த்தால் சிரிக்கிறது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். தெரியாவிட்டால், முதலில் பிள்ளையிடம் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். ஜெபம் காலை பத்து மணிக்கு ஆரம்பம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபை ஊழியன்